பகையில்லாதவனுக்குக் கதையில்லை: லின்டன்ஸ்ராசேயும் அதன் பழைய ரசிகர்களும்

இலக்கியச் சஞ்சிகையொன்றில் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதவேண்டுமா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். வேலை வெட்டியில்லாதவர்கள் பார்க்கும் அழுகை நாடகம் என்பதே தொடர்கள் பற்றி எம்மிடையே நிலவும் பொதுவான அபிப்பிராயம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் ஒரு சமூகம் முப்பத்துநான்கு வருடங்களாக வாரம் தவறாமல் பார்த்து, பார்த்ததைப் பற்றிச் சண்டையும் பிடித்த ஒரு கதையை, அந்தச் சமூகத்தின் நடுவே வாழும் நாம் கவனிக்காமல் விடுவது சரியல்ல. தம்மைப் பற்றி எமக்கு நேரே சொல்லாத பலவற்றை ஜேர்மன்காரர் இந்தத் தொடரைப் பற்றிக் கதைக்கும்போது சொல்லிவிடுகிறார்கள்.

நாம் குறிப்பிடுவது ஏஆர்டி தொலைக்காட்சியில் வந்த 'லின்டன்ஸ்ராசே' தொடரை. 1985 டிசம்பர் 8 இல் தொடங்கிய இத்தொடர் 2020 மார்ச் 29 இல் 1758 ஆவது பகுதியுடன் முடிவுற்றது. இங்கிலாந்தில் 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரனேசன் ஸ்ரீற்' தொடரை முன்மாதிரியாகக் கொண்டு இயக்குநர் ஹான்ஸ் டபிள்யூ. கைசன்டோர்பர் இதனை உருவாக்கினார். கதை நடப்பது மூனிச் நகரத்துக் கற்பனைத் தெரு ஒன்றில். படம் பிடிக்கப்பட்டதோ கொலோன் நகரில் அதற்கெனக் கட்டி வைத்த பொய்த் தெருவில். ஞாயிறு மாலை காட்டப்படும் பகுதி, பெரும்பாலும் அந்த வாரத்து வியாழக்கிழமை நடப்பதாக இருக்கும். நாட்டில் நத்தார் வந்தால் தெருவிலும் நத்தார் வரும். ஏழு வயதில் நடிக்க வந்த பிள்ளை அதே பாத்திரத்தில் வளர்ந்து நாற்பது வயது மனிதனானான். பார்த்தவர்களுக்கும் அதே அளவு வயது ஏறியது.

இந்தத் தொடரின் பழைய ரசிகர்களை எமக்குக் குசினியில் தெரியும். ரெஸ்ரோரண்டில் வேலை செய்பவனுக்கு ஞாயிறு மாலை ஏழு மணி என்பது இடுப்பை நிமிர்த்த நேரமில்லாத நேரம். ஆகவே நாம் தொடரை முதலில் பார்க்கவில்லை, கேட்டோம். செவ்வாய்க்கிழமை வெங்காயம் உரிக்கும்போதும் உருளைக்கிழங்கு சீவும்போதும், கூட வேலை செய்யும் வயதான ஜேர்மன் பெண்கள் இருவர் ஞாயிறு பார்த்ததைப் பற்றி விவாதிப்பார்கள். விவாதம் அந்த ஞாயிறோடு நிற்காது. 'எண்பத்தெட்டில் அவள் என்ன செய்தாள் தெரியுமா' என்று ஒருத்தி தொடங்குவாள். 'அதற்கு முன் இவள் என்ன செய்தாள்' என்று மற்றவள் திருப்புவாள். யாரோ இரண்டு அயலவர்களைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றுதான் கனநாள் நினைத்திருந்தோம். பிறகு மறுஒளிபரப்புகளிலும், ஆண்டுவாரியாக வெளியான டிவிடிப் பெட்டிகளை இரவல் வாங்கியும், பழைய பகுதிகளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டோம்.

வழக்கு இதுதான். ஹெல்கா பைமர் மூன்று பிள்ளைகளின் தாய், குடும்பமே உலகமென்று வாழ்பவள். 'பைமர் அம்மா' என்றே நாடு முழுவதும் அறியப்பட்டவள். மனக்கஷ்டம் வந்தால் தாச்சியை அடுப்பில் வைத்து முட்டை பொரிப்பாள். முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை இந்தப் பாத்திரத்தை ஏற்றவர் மரி-லூயிஸ் மர்யான். அவளது கணவன் ஹான்ஸ் சமூக சேவை உத்தியோகத்தன், மென்மையானவன். எண்பதுகளின் பிற்பகுதியில் அவன் அன்னா சீக்லர் என்ற இளைய பெண்ணைக் காதலித்து, வீட்டைவிட்டுப் போகிறான். அன்னாவோ அடித்துத் துன்புறுத்தும் புருசனிடமிருந்து தப்ப முயன்றவள். ஹான்சும் அன்னாவும் மணமுடித்து, பிள்ளைகளும் பெற்று, அதே சுற்றாடலிலேயே வாழ்கிறார்கள். ஹெல்காவும் பின்னர் எரிக் சில்லர் என்பவரை மணக்கிறாள். ஆனால் வழக்கு முடியவில்லை. முப்பது வருடங்களாக நடந்தது.

ஹெல்கா கட்சியின் வாதம் எளிதானது. கட்டியவளையும் பிள்ளைகளையும் விட்டுப் போனவனை ஏற்றுக்கொண்டவள் குற்றவாளி. அன்னா கட்சி இதற்குப் பதிலாக ஹெல்காவின் குணத்தை எடுத்து வைக்கும். அவளது அன்பு மூச்சுமுட்டும் அன்பு, எல்லோர் விடயத்திலும் தலையிடுவாள், பிள்ளைகள் வளர்வதை விரும்பமாட்டாள், அவளோடு வாழ்வது போர்வைக்குள் படுத்துக்கிடப்பது போன்றது என்று அடுக்கும். உடனே முதற்கட்சி, 1995 இல் மகன் பெனி பஸ் விபத்தில் இறந்தபோது அவள் பட்ட பாட்டைச் சொல்லும். மற்றக் கட்சி, பிள்ளை ஹான்சுக்கும் பிள்ளைதானே என்று கேட்கும். இப்படியே உருளைக்கிழங்கு ஒரு மூட்டை முடிந்துவிடும்.

சிலப்பதிகாரத்தைப் பல்கலைக்கழகத்தில் பாதி படித்து மீதியை விட்டு வந்த எமக்கு இந்த விவாதம் புதிதாக இருக்கவில்லை. கோயில் திருவிழாக்களில் கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றம் வைத்து விடியவிடியக் கேட்ட சனம் நாம். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காப்பியத்தில் கண்ணகியும் மாதவியும் ஒருவரையொருவர் சந்திப்பதேயில்லை. ஒருத்தி மதுரையை எரிக்கிறாள், மற்றவள் துறவு பூணுகிறாள். அவர்களுக்கிடையே ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை. லின்டன்ஸ்ராசேயில் இந்த வசதி இல்லை. கண்ணகியும் மாதவியும் ஒரே கடையில் பாண் வாங்கவேண்டும், ஒரே கலியாணத்துக்குப் போகவேண்டும், பிள்ளைகளின் பிறந்தநாளில் ஒரே மேசையில் கேக் சாப்பிடவேண்டும். 2018 செப்ரெம்பரில் ஹான்ஸ் பைமர் பாத்திரம் இறந்தபோது இரண்டு பெண்களும் அவன் அருகில் இருந்தார்கள். பொதுவான துக்கம் அவர்களை நெருங்கவைத்தது. பழைய ரசிகர்கள் பலருக்கு இது உவப்பாக இருக்கவில்லை. எம்மோடு வேலை செய்த ஹெல்கா கட்சிக்காரி, 'அவளுக்கு மறந்துபோய்விட்டது, எனக்கு மறக்கவில்லை' என்றாள். பாதிக்கப்பட்டவளே மன்னித்த பின்னும் மன்னிக்க மறுக்கும் சாட்சி அவள்.

இந்த ரசிகர்களின் ஞாபகசக்தியைக் கேலி செய்வது எளிது. நாம் அதனை மதிக்கிறோம். முப்பத்துநான்கு வருடங்களில் எழுத்தாளர்கள் மாறினார்கள், சில பாத்திரங்களுக்கு நடிகர்கள் மாறினார்கள், எழுதியவர்களே எழுதியதை மறந்தார்கள். மறக்காமல் இருந்தது பார்த்தவர்கள் மட்டுமே. அன்னாவாக நடித்த ஐரீன் பிஷர் பல வருடங்கள் தொடரின் கதைவசனம் எழுதியவர்களில் ஒருவராகவும் இருந்தார். ஹெல்கா கட்சிக்கு இது பெரிய ஆயுதம். 'தீர்ப்பை எழுதியதே எதிரிதான்' என்பார்கள். சிரிப்புக்கிடமான குற்றச்சாட்டு என்று தள்ளிவிட முடியவில்லை. கதையை எழுதும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்பது, விமர்சகர்கள் பெரிய சொற்களால் கேட்கும் அதே கேள்விதான். உருளைக்கிழங்கு சீவும் பெண் அதனைச் சின்னச் சொற்களால் கேட்கிறாள்.

ஆனால் இந்த வழக்கில் ஒருவன் மட்டும் கூண்டில் ஏற்றப்படவேயில்லை. வீட்டைவிட்டுப் போனவன் ஹான்ஸ். பொய் சொன்னவன் ஹான்ஸ். இரண்டு கட்சியும் அவனைப் பற்றிக் கேட்டால், 'பாவம், நல்ல மனுசன்' என்றே சொல்லும். இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு ஆண் நடுவால் நழுவிப் போகும் இந்த ஒழுங்கு எமக்கும் நன்கு தெரிந்ததே. எமது பட்டிமன்றங்களிலும் கோவலனுக்காகவோ எதிராகவோ தனிக் கட்சி அமைத்ததை நாம் கண்டது குறைவு. ஆணாதிக்கம் ஜேர்மன் மொழி பேசும்போதும் அதே குரலில்தான் பேசுகிறது.

இனி எமது பிரதான விடயத்துக்கு வருவோம். இத்தனை வருட விவாதத்தைக் கேட்டபின் எமக்குப் புலப்பட்டது ஒன்று. ரசிகர்கள் ஒரு பாத்திரத்தின் வரலாற்றை அதன் பகையினூடாகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எவள் எவளோடு எந்த வருடம் முறிந்தாள், யார் யாருடைய கலியாணத்துக்குப் போகவில்லை என்பதே காலக்கணக்கு. பகையுள்ளவனுக்கு நேற்று உண்டு, அதனால் நாளையும் உண்டு. பகையில்லாத பாத்திரம் வரும், போகும். அது எந்த வருடம் வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஹெல்காவின் கடைசி மகன் கிளவுசை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளவுஸ் நவநாசிப் பொடியன்களோடு சேர்ந்து திரிகிறான். அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்பதை எமக்கு முன் இங்கு வந்தவர்கள் நன்கு அறிவார்கள். 1992 ஓகஸ்டில் றொஸ்ரொக் நகரின் லிஃக்டன்ஹாகனில் வெளிநாட்டவர் தங்கியிருந்த கட்டடம் கைதட்டும் கூட்டத்தின் முன்னால் தீ வைக்கப்பட்டது. நவம்பரில் மூல்னில் மூன்று துருக்கியர் எரிந்து இறந்தார்கள். 1993 மே 26 இல் பாராளுமன்றம் அரசியற் சட்டத்தின் தஞ்ச உரிமையைச் சுருக்கியது. மூன்றே நாட்களின் பின் சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் ஐந்து பெண்களும் சிறுமிகளும் வீட்டோடு எரிக்கப்பட்டார்கள். இப்படியான காலத்தில் நாட்டின் செல்லப் பிள்ளையை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது கைசன்டோர்பரின் துணிவுதான். 1990 இல் இரு ஆண்கள் முத்தமிடும் காட்சியைக் காட்டி எதிர்ப்பைச் சம்பாதித்த தொடர் அது.

கிளவுஸ் பிறகு திருந்துகிறான், வளர்கிறான், மணமுடிக்கிறான், பிரிகிறான். ரசிகர்கள் அவனை மன்னித்தார்கள். அவனது அந்தக் காலத்தையும் மறக்காமல் வைத்துக்கொண்டு மன்னித்தார்கள். ஏனென்றால் அவர்கள் அவனைக் குழந்தையாகக் கண்டவர்கள். 'அவன் அப்போது பைத்தியக்காரப் பொடியன்' என்று, தமது சொந்த மருமகனைச் சொல்வதுபோல் சொல்வார்கள். பிழைவிட்டுத் திருந்துவதற்குப் போதிய காலம் அவனுக்குத் தரப்பட்டது. ஒருவன் ஒரு தெருவுக்குச் சொந்தக்காரன் என்பதன் அர்த்தம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

அதே தெருவில் குங் பாம் கியென் என்றொருவர் இருந்தார். தொடரின் ஆரம்ப காலத்திலிருந்தே இருந்தவர், வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த அகதி. இந்த வேடத்தை ஏற்றவர் தாய்லாந்தில் பிறந்த அமோன் சுரங்கன்ஜனஜாய். குங் பணிவானவர். எந்தச் சந்தர்ப்பத்துக்கும் பொருத்தமாகக் கொன்பியூசியசின் வாக்கு ஒன்றைச் சொல்வார். சக்கர நாற்காலியில் வாழும் டொக்டர் டிரெஸ்லரைப் பல வருடங்கள் பராமரித்தார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். நாம் குசினியில் கேட்ட அத்தனை வருட விவாதங்களிலும் குங்கின் பெயர் ஒருமுறைகூட வழக்கில் வந்ததில்லை. ஒருநாள் நாமே கேட்டோம். இரண்டு பெண்களும் சீவுவதை நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் புன்னகைத்தார்கள். 'குங் எவ்வளவு நல்லவர்' என்றார்கள். முப்பது வருடங்களில் அவர்கள் ஒற்றுமைப்பட்ட ஒரே இடம் அது. அதற்குமேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

1985 இல் ஒரு வியட்நாம் அகதியை ஞாயிறு மாலை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது சிறிய விடயமல்ல. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த அகதி தெரிவு செய்யப்பட்டார் என்பதையும் பார்க்கவேண்டும். 1979 இல் ரூப்பேர்ட் நொய்டெக் முன்னின்று அனுப்பிய கப் அனமூர் கப்பலும் அதன் பின் வந்த கப்பல்களும் தென்சீனக் கடலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றின. மேற்கு ஜேர்மனி படகு அகதிகளைத் தனி ஏற்பாட்டின் கீழ் ஏற்று வதிவிட உரிமை கொடுத்தது. நாடு தன் நல்ல மனதைப் பார்த்துத் தானே மகிழ்ந்த வருடங்கள் அவை. அதே எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினில் வந்து இறங்கிய எம்மவர்களுக்குக் கிடைத்தது நெடிய விசாரணையும், வேலைத்தடையும், ஒதுக்கப்பட்ட ஊரைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடுமே. தொடர், எல்லோரும் ஏற்றுக்கொண்ட அகதியையே முதலில் தெருவுக்குள் விட்டது. பிறகு அவர் எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டவராகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டது. அவருக்கும் இடையிடையே கதைகள் கிடைத்தன. ஆனால் தெருவை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சண்டை கிடைக்கவில்லை.

பின்னால் வந்தவர்களுக்கு நிலைமை சற்று மாறியது என்பதையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் வந்த நைஜீரிய அகதியான மேரிக்குக் கோபமும் காதலும் தரப்பட்டன. அவள் பின்னர் கிரேக்கனான வசிலி சரிகாக்கிசை மணந்தாள். துருக்கியனான முராத், பழைய பாவங்கள் நிறையவுள்ள லீசாவை மணந்து அவளோடு உண்மையான சண்டைகள் பிடித்தான். ரசிகர்கள் முராத்தைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறோம். 'அவன் பிழை, லீசா சரி' என்று ஒருத்தி சொல்ல, 'லீசா யாரென்று எனக்குத் தெரியாதா, ஆளைத் தாச்சியால் அடித்துக் கொன்றவள்தானே' என்று மற்றவள் கொதித்தாள். அன்று முராத் அந்தத் தெருவில் குடியேறிவிட்டான் என்று எமக்குப் பட்டது. பாஸ்போட் கிடைப்பது ஒன்று, திட்டு வாங்கும் உரிமை கிடைப்பது இன்னொன்று.

வசிலியின் குடும்பம் நடத்திய 'அக்ரோபோலிஸ்' என்ற கிரேக்க ரெஸ்ரோரண்ட் பற்றியும் எமது தொழில் காரணமாக ஒரு வார்த்தை. தெருவின் பெரிய சண்டைகள் பல அங்குதான் நடந்தன. மேசையில் கணவன் மனைவி முறிவார்கள், பிளேட் அப்படியே கிடக்கும், யாரும் சாப்பிட்டு முடிக்கமாட்டார்கள். அந்தப் பிளேட்டைக் கழுவுகிறவன் யார், அவன் எத்தனை மணிக்கு வீடு போகிறான், அவனுக்கும் முதலாளிக்கும் என்ன பகை என்பதை நாம் எப்போதும் எதிர்பார்த்திருந்தோம். கமரா பெரும்பாலும் மேசையோடு நின்றுவிட்டது. வேலையைப் பற்றிய தொடர் அல்ல அது என்று பதில் சொல்லலாம். ஆனால் எமது பகைகளில் பாதி குசினியிலேயே பிறக்கின்றன. யார் கனமான சட்டியைத் தூக்கினான், யாருக்கு நத்தார் லீவு கிடைத்தது என்பது பத்து வருடம் நின்று எரியக்கூடிய நெருப்பு.

தொடரை நிறுத்தப்போவதாக 2018 நவம்பரில் அறிவித்தார்கள். ஆரம்பத்தில் ஒரு கோடிக்கு மேல் பார்த்த தொடரை அப்போது இருபது இலட்சம் பேர் அளவில்தான் பார்த்தார்கள். ரசிகர்கள் கொலோனில் ஊர்வலம் போனார்கள். கடைசிப் பகுதி வந்தபோது கொரோனாவினால் ரெஸ்ரோரண்டுகள் மூடப்பட்டிருந்தன. ஞாயிறு மாலையில் குசினித் தொழிலாளர் எல்லோரும் வீட்டிலிருந்த அபூர்வமான நாள் அது. நாமும் நேரத்துக்கே பார்த்தோம். வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை. வராமல் விட்டது நல்லது. இப்போதும் அந்த இரண்டு பெண்களும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாரம் ஒரு சாட்சியம் புதிதாக வராததால் பழைய சாட்சியங்களை இன்னும் நுணுக்கமாக ஆராய்கிறார்கள்.

இவ்வளவும் எழுதியது ஜேர்மன் தொலைக்காட்சியைத் திருத்துவதற்காக அல்ல. எமது கவலை எமது எழுத்தைப் பற்றியது. குங்கை உருவாக்கியவர்களை நாம் குறைசொல்லலாம். ஆனால் புகலிடத்தில் நாமே எழுதும் கதைகளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அகதி பனியில் நடக்கிறான், அம்மாவை நினைக்கிறான், கோப்பை கழுவுகிறான், விசா இல்லாமல் அழுகிறான். அவன் நல்லவன். அவனுக்குத் துன்பம் உண்டு, எதிரி இல்லை. எதிரி இருந்தால் அது அரசு, அல்லது குளிர். கூட அறையில் படுத்தவனோடு சீட்டுக்காசு விடயத்தில் முறிந்து, இருபத்தைந்து வருடங்களாக ஒரே நகரத்தில் முகம் பாராமல் வாழும் மனிதனை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அண்ணனின் மனைவி 1994 இல் சொன்ன ஒரு சொல்லுக்காக இன்னும் அந்த வீட்டுப் படி மிதிக்காதவளை? இவர்களை எமக்கெல்லாம் தெரியும். கலியாண வீடுகளில் யாரை எந்த மேசையில் இருத்துவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். எழுத உட்காரும்போது மட்டும் இவர்களை மறைத்து, அந்நியன் பார்வைக்கு உகந்த ஒரு சாதுவைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். கொன்பியூசியசுக்குப் பதிலாகத் திருக்குறள், அவ்வளவே வித்தியாசம்.

இரக்கம் எமக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. இரக்கப்படுபவர்கள் எமது பெயரை ஞாபகம் வைத்திருப்பதில்லை. எம்மைப் பற்றி இரண்டு கிழவிகள் உருளைக்கிழங்கு சீவியபடி முப்பது வருடங்கள் சண்டை பிடிக்கக்கூடிய விதத்தில், பிழைகளோடும் வன்மங்களோடும் திருந்த மறுக்கும் பிடிவாதங்களோடும் எழுதப்படும் வரைக்கும், நாம் எந்தத் தெருவிலும் விருந்தாளிகளாகவே இருப்போம்.